உட்பகையும் திறந்த கதவும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் ஆண்டு விழாவில் வாழ்த்துக் கூறி அமர்வது எளிது. ஆனால் செயற்குழு எனக்கு இட்ட பணி வேறு. அடுத்த பொதுக்குழுவில் ஒரு விதித்திருத்தம் முன்வைக்கப்பட இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அரசியல் கட்சி எதிலும் உறுப்பினராக உள்ளவர் இவ்வட்டத்தில் எந்தப் பொறுப்பும் வகித்தல் கூடாது என்பது அத்திருத்தத்தின் சாரம். மாதந்தோறும் இருபது பேர் கூடிக் கவிதை படித்த வட்டம் இன்று இதழும் பதிப்பும் ஆண்டுப் பரிசும் உடைய அமைப்பாக வளர்ந்திருக்கிறது. பழுத்த மரத்தை நாடிப் பறவைகள் வருவது இயல்பு. ஆயினும் ஒரே நாளில், ஒரே கையெழுத்தில் நிரப்பப்பெற்ற உறுப்பினர் படிவங்கள் கட்டாக வந்து சேர்ந்தபோது, வருவது பறவைதானா என்னும் ஐயம் நம்மிற் சிலருக்கு எழுந்தது. அந்த ஐயத்தின் விளைவே இத்திருத்தம். அதனை ஆதரிப்பதா மறுப்பதா என்பதை இறுதியிற் கூறுகிறேன். இத்தகைய இடர்ப்பாட்டைச் சந்தித்த அமைப்புகள் சிலவற்றின் வரலாற்றை முதலில் காண்போம்.

திருக்குறளில் 88-ஆம் அதிகாரம் பகைத்திறந்தெரிதல். அதனை அடுத்து 89-ஆம் அதிகாரம் உட்பகை. பகையின் திறங்களை ஆராய்ந்து கூறிய பின்னரும் உட்பகைக்குத் தனி அதிகாரம் எதற்கு என்று வகுப்பில் மாணவியர் கேட்பதுண்டு. வெளிப்பகைவன் தன்னைப் பகைவன் என்று அறிவித்துக்கொண்டு வருகிறான். அவன் வலிமையை அளந்து பார்க்க நமக்கு வாய்ப்பு இருக்கிறது. உட்பகைவனோ உறவினன் இருக்கையில் அமர்ந்திருக்கிறான். செப்பும் அதன் மூடியும் போலப் பொருந்தியிருப்பது புறத்தோற்றம். உள்ளே ஒட்டுதல் இல்லை. அளக்க முடியாத பகைக்கு அளவைகள் வேறு. ஆகவே அதிகாரமும் வேறாயிற்று.

அரசியல் உலகில் இதற்கு ஊடுருவல் என்று பெயர். இச்சொல்லை நாம் கண்டபடி பயன்படுத்தலாகாது. ஓர் அமைப்பில் ஒத்த கருத்துடையோர் சிலர் ஒன்றுகூடிப் பேசுவது ஊடுருவல் அன்று. அது மனித இயல்பு. மூன்று கூறுகள் ஒருங்கே அமையும்போதுதான் அப்பெயர் பொருந்தும். முதலாவது, தனக்கென்று தலைமையும் கட்டுப்பாடும் உடைய ஒரு சிறு குழு இருத்தல். இரண்டாவது, அக்குழு பெரிய அமைப்பின் பெயரையும் ஆள்பலத்தையும் நாடி அதனுள் நுழைதல். மூன்றாவது, தான் குழுவாக இயங்குவதை மறைத்தல். மூன்றாவதே உயிர்நிலை. அவையில் விவாதம் நடைபெறும். ஆனால் முடிவோ முதல்நாள் மாலையே வேறோர் அறையில் எடுக்கப்பட்டிருக்கும்.

நம் நாட்டு வரலாற்றிலேயே இதற்குத் தெளிவான சான்று உண்டு. 1934-ஆம் ஆண்டு மே மாதம் பாட்னாவில் ஆசாரிய நரேந்திர தேவர் தலைமையில் கூடியோர் காங்கிரஸ் சோஷலிஸ்டுக் கட்சிக்கு வித்திட்டனர். அவ்வாண்டு அக்டோபரில் பம்பாயில் அது முறையாக அமைந்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண் பொதுச்செயலாளர் ஆனார். அதன் உறுப்பினர் காங்கிரசிலும் உறுப்பினராக இருத்தல் வேண்டும் என்பது விதி. ஆகவே அதுவே பெரிய அமைப்புக்குள் ஒரு சிறிய கட்சிதான். ஆயினும் அங்கு மறைவு இல்லை. அதற்குப் பெயர் உண்டு, மாநாடு உண்டு, தீர்மானங்கள் அச்சில் வரும். காந்தியடிகள் அதனோடு பல செய்திகளில் உடன்படவில்லை. எனினும் தாம் யாரோடு உடன்படவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அதே 1934-இல் பொதுவுடைமைக் கட்சியை ஆங்கில அரசு தடைசெய்தது. தொடக்கத்தில் சோஷலிஸ்டுகளைக் கடுமையாகச் சாடி வந்த பொதுவுடைமையினர், 1935-இல் மாஸ்கோவில் கூடிய அகிலத்தின் ஏழாவது பேராயம் ஐக்கிய முன்னணிக் கொள்கையை வகுத்தபின் தம் நிலையை மாற்றிக்கொண்டனர். 1936 சனவரியில் மீரத்தில் கூடிய சோஷலிஸ்டுகள் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டனர். இடதுசாரிகள் அனைவரும் ஒன்றாக வேண்டும் என்பது ஜெயப்பிரகாஷின் கனவு. இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு, சஜ்ஜாத் ஜாகீர் போன்றோர் கட்சியின் உயர்பொறுப்புகளுக்கு வந்தனர்.

ஓராண்டு கழிந்தது. சோஷலிஸ்டுக் கட்சியை ஒரு கட்சியாகக் கருதாமல் தமக்கு உதவும் மேடையாகவே கருத வேண்டும் என்னும் போக்கில் அமைந்த பொதுவுடைமைக் கட்சியின் கமுக்கச் சுற்றறிக்கை ஒன்று 1937-இல் சோஷலிஸ்டுகளின் கைக்கு வந்தது. அதன்பின் புதிய பொதுவுடைமையினரைச் சேர்ப்பதில்லை என முடிவு செய்தனர். உள்ளே இருந்தவர்களோ அப்படியே இருந்தனர். 1938-இல் லாகூர் மாநாட்டில் செயற்குழுவுக்குப் போட்டிப் பட்டியல் ஒன்று வந்து தோற்றது. மினு மசானி பொதுவுடைமையினரின் சூழ்ச்சி எனக் குற்றஞ்சாட்டி நூல் வெளியிட்டார். 1939-இல் அவரும் ராம் மனோகர் லோகியா, அசோக் மேத்தா, அச்சுத பட்டவர்த்தன் ஆகியோரும் செயற்குழுவிலிருந்து விலகினர். 1940 மார்ச்சில் ராம்கரில் பொதுவுடைமையினர் வெளியேற்றப்பட்டனர். ஆனால் அவர்கள் தனியே செல்லவில்லை. கேரளம், ஆந்திரம், தமிழகம் ஆகிய தென்னகக் கிளைகள் பெரும்பாலும் அவர்களோடு சென்றுவிட்டன. தமிழகத்தில் ப. ஜீவானந்தமும் பி. ராமமூர்த்தியும் சோஷலிஸ்டு மேடையிலிருந்து பொதுவுடைமை இயக்கத்தின் முன்னணிக்கு வந்தவர்களே.

இவ்வரலாற்றை ஒருபக்கமாகக் கூறுதல் அறமாகாது. பொதுவுடைமையினர் மறைந்து இயங்கியதற்குத் தடைச்சட்டம் முதற்காரணம். தம் பெயரைச் சொன்னால் சிறை என்னும் நிலையில் அவர்கள் வேறு பெயரில் இயங்கினர். தென்னகக் கிளைகள் அவர்கள்பால் சென்றதற்குச் சூழ்ச்சி மட்டும் காரணமன்று. உழவரிடையேயும் தொழிலாளரிடையேயும் இரவுபகலாகப் பாடுபட்டவர்கள் அவர்களே. ஆயினும் மறைவின் விலையை இரு சாராரும் செலுத்தினர். தோழமை என்று நம்பியது கணக்காக இருந்தது எனக் கண்ட பின்னர், இடதுசாரி ஒற்றுமை என்னும் சொல்லையே ஐயத்தோடு கேட்கும் நிலை வந்தது. கணக்கை நேர்செய்ய இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1948-இல் காங்கிரஸ் தனக்குள் தனிக்கட்சி எதுவும் இயங்கலாகாது என விதி செய்தபோது, அந்தச் சோஷலிஸ்டுகளும் நாசிக்கில் கூடி வெளியேற நேர்ந்தது.

இது இடதுசாரிகளுக்கு மட்டுமே உரிய நோய் என்று யாரும் கருத வேண்டா. 1977-இல் பல கட்சிகள் இணைந்து உருவான ஜனதா கட்சியில், பழைய ஜனசங்கத்தினர் ராஷ்டிரிய சுயம்சேவக் சங்கத்தோடு கொண்டிருந்த தொடர்பு இரட்டை உறுப்பாண்மை வழக்காக வெடித்தது. அத்தொடர்பை எவரும் மறைக்கவில்லை. ஆனால் இணையும்போதே தீர்க்க வேண்டிய வினாவை அனைவரும் ஒத்திவைத்தனர். 1980 ஏப்ரலில் பாரதிய ஜனதா கட்சி தனியே தோன்றியது. மறைப்பதால் வரும் கேடு ஒன்று; தெரிந்தும் பேசாதிருப்பதால் வரும் கேடு மற்றொன்று.

அரசியலார் கதை நமக்கெதற்கு என்று கவிஞர்கள் கேட்கலாம். மேலே சஜ்ஜாத் ஜாகீர் என்றொரு பெயரைச் சொன்னேன். அகில இந்திய முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் அவர். 1936 ஏப்ரலில் லக்னோவில் பிரேம்சந்த் தலைமையில் அதன் முதல் மாநாடு கூடியது. பிரேம்சந்த் கட்சிக்காரர் அல்லர். கட்சி சார்ந்தோரும் சாராதோரும் ஒரே பந்தலில் அமர்ந்தனர். ஃபைஸ் அகமது ஃபைஸ், கிருஷன் சந்தர், ராஜிந்தர் சிங் பேடி, இஸ்மத் சுக்தாய் என உருது இலக்கியத்தின் பெரும் பெயர்கள் அவ்வியக்கத்தோடு தொடர்புடையன. அந்த ஆண்டுகளைக் குறை கூறுவார் இலர்.

1948-இல் கல்கத்தாவில் கூடிய பொதுவுடைமைக் கட்சியின் இரண்டாம் பேராயம் தீவிரப் பாதையை மேற்கொண்டது. அடுத்த ஆண்டு பம்பாயை அடுத்த பிவண்டியில் கூடிய எழுத்தாளர் மாநாடு அப்பாதையின் சாயல் படிந்த கொள்கை அறிக்கையை ஏற்றது. 1949 நவம்பரில் லாகூரில் கூடிய பாகிஸ்தான் முற்போக்கு எழுத்தாளர்கள், முற்போக்கு அல்லாதோர் எனத் தாம் கருதிய எழுத்தாளரை விலக்குவதென்று தீர்மானித்தனர். சாதத் ஹசன் மண்டோ அவ்விலக்குக்கு உள்ளானார். அவருடைய ‘தண்டா கோஷ்த்’ என்னும் சிறுகதை ஆபாசமானது என்று அரசு வழக்குத் தொடுத்திருந்த காலம் அது. ஒருபுறம் அரசின் வழக்கு; மறுபுறம் எழுத்தாளர்களின் விலக்கு. நாட்டுப் பிரிவினையின் குருதியை அவரைப்போல் எழுதியவர் மிகச் சிலரே. அவர் எழுதியதைப் படித்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்று கூறியிருந்தால் அது திறனாய்வு. அவர் இன்னார் என்று முடிவுகட்டி இதழ்களின் கதவை அடைத்தது திறனாய்வன்று. 1954-இல் பாகிஸ்தான் அரசு அச்சங்கத்தையே தடைசெய்தது. பிறர் எழுத்தை விலக்கிய அமைப்பும் விலக்கப்பட்டது.

இலக்கிய அமைப்பில் ஊடுருவலின் சேதம் எங்கே நேர்கிறது என்பதை இது காட்டுகிறது. தலைவர் பதவி கைமாறுவதில் அன்று. படைப்பைப் படிப்பதற்கு முன்பே அதன் மதிப்பு முடிவாகிவிடுவதில்தான். அரசியல் அமைப்பில் பறிபோவது வாக்கு. இலக்கிய வட்டத்தில் பறிபோவது செவி.

இனி, ஊடுருவல் எப்படி வெற்றி பெறுகிறது என்பதைப் பார்ப்போம். இதற்கு இங்கிலாந்துத் தொழிற்கட்சியின் வரலாறு உதவும். 1934-இல் லியோன் ட்ராட்ஸ்கி பிரான்சு நாட்டிலிருந்த தம் ஆதரவாளர்களை அங்குள்ள சோஷலிஸ்டுக் கட்சியில் சேரும்படி அறிவுறுத்தினார். அடுத்த ஆண்டே அவர்கள் வெளியேற்றப்பட்டனர். அவ்வழிமுறையை நீண்டகாலத் திட்டமாக ஆக்கிக்கொண்ட குழு ஒன்று இங்கிலாந்தில் இருந்தது. டெட் கிராண்ட் அதன் கோட்பாட்டாளர். 1964-இல் அக்குழு ‘மிலிட்டன்ட்’ என்னும் இதழைத் தொடங்கியது. பீட்டர் டாஃப் அதன் ஆசிரியர். நாங்கள் குழு அல்லோம், ஓர் இதழின் வாசகர்கள் மட்டுமே என்பது அவர்கள் கூற்று. தனித்திட்டம் உடைய அமைப்புகளுக்குத் தொழிற்கட்சியில் இடமில்லை என்பது விதியாதலின், குழு வாசகர் வேடம் பூண்டது.

அவர்கள் வென்ற முறை வியப்பானதன்று. கிளைக் கூட்டங்களுக்கு உறுப்பினர் வருவதில்லை. அவர்கள் தவறாமல் வந்தனர். பழைய உறுப்பினர் கடைசிப் பேருந்தைப் பிடிக்க எழுந்துசென்ற பின்னரும் அவர்கள் அமர்ந்திருந்தனர். துண்டறிக்கை கொடுப்பதும் நிதி திரட்டுவதும் அவர்கள் கைக்கு வந்தன. 1970-க்குள் கட்சியின் இளைஞர் பிரிவு அவர்கள் வசமாயிற்று. 1975-இல் ரெஜ் அண்டர்ஹில் என்னும் கட்சி அதிகாரி இதைப்பற்றி ஓர் அறிக்கை அளித்தார். தேசியச் செயற்குழு அதை வெளியிடாமலே வைத்திருந்தது. 1983 பிப்ரவரியில் இதழின் ஆசிரியர் குழுவினர் ஐவர் நீக்கப்பட்டனர். அதே ஆண்டில் லிவர்ப்பூல் நகராட்சி அவர்கள் செல்வாக்கின்கீழ் வந்தது. அந்நகராட்சி ஏறத்தாழ 5000 வீடுகளைக் கட்டியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் 1985-இல் பணமின்றித் தத்தளித்தபோது, தன் ஊழியர் ஏறத்தாழ 31,000 பேருக்கு வேலைநீக்க அறிவிப்புகளை வாடகைக் கார்களில் அனுப்பியது. உழைப்பாளர் பெயரால் ஆண்டவர்கள் உழைப்பாளருக்கே அனுப்பிய ஓலை அது. அவ்வாண்டு போர்ன்மத் மாநாட்டில் கட்சித் தலைவர் நீல் கின்னாக் அதனை வெளிப்படையாகக் கண்டித்தார். 1991-இல் லிவர்ப்பூலின் வால்ட்டன் இடைத்தேர்தலில் அக்குழுவினர் தம் வேட்பாளரைத் தொழிற்கட்சிக்கு எதிராகத் தனியே நிறுத்தினர். மூன்றாம் இடமே கிட்டியது. இரவல் மேடையில் கேட்ட குரலின் உரம், சொந்தத் திண்ணையில் அவ்வளவே.

ஊடுருவியவனின் சூழ்ச்சித் திறத்தை நாம் மிகைப்படுத்துகிறோம். அவனுடைய முதல் மூலதனம் நம் சோம்பல். இரண்டாவது மூலதனம் அவன் உழைப்பு. கூட்டம் முடிந்தபின் பாயைச் சுருட்டுபவர் யார், கூட்டக் குறிப்பை எழுதுபவர் யார், அஞ்சலட்டையில் முகவரி எழுதி ஒட்டுபவர் யார் என்று பாருங்கள். அமைப்பு மெல்ல மெல்ல அவருடையதாகும். அது இயற்கை நீதியுமாகும்.

இப்பொழுது விதித்திருத்தத்துக்கு வருகிறேன். அதனை நான் எதிர்க்கிறேன்.

முதற்காரணம், அது தவறான ஆளைத் தடுக்கும். கட்சி உறுப்பினன் என்று ஒளிவின்றிச் சொல்பவர் தடுக்கப்படுவார். அதை மறைப்பவர் உள்ளே வருவார். 1934-இன் தடை பொதுவுடைமையினரை இல்லாமல் ஆக்கவில்லை, பெயரில்லாமல் ஆக்கியது. தொழிற்கட்சியின் விதி குழுவை ஒழிக்கவில்லை; வாசகர் வேடம் புனையச் செய்தது. இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. தொழிற்கட்சி தன் தடைப்பட்டியலை 1973-இல் நீக்கிய பின்னர்தானே அக்குழு மேலும் வளர்ந்தது என்று திருத்தத்தை ஆதரிப்போர் கேட்கலாம். உண்மைதான். தடை மட்டும் போதாது என்பதைப்போல, தடையை நீக்குதல் மட்டும் போதாது என்பதும் அதனால் விளங்கும். கிளைக் கூட்டங்களில் நாற்காலிகள் காலியாக இருந்தவரை எந்த விதியும் அக்கட்சிக்கு உதவவில்லை.

இரண்டாவது காரணம், நம் மரபு. பாரதியார் 1907-இல் சூரத் காங்கிரசுக்குச் சென்று வந்தவர். திரு.வி.க. காங்கிரசிலும் தொழிற்சங்கத்திலும் பொறுப்பு வகித்தவர். கம்பனைப் பற்றி ஜீவா பேசிய பேச்சுகளைக் கேட்டவர்கள் அவருடைய கட்சி அட்டையைக் கேட்கவில்லை. இத்திருத்தம் நிறைவேறுமாயின் இவர்களுள் எவரும் நம் வட்டத்தின் செயலாளராக இருந்திருக்க இயலாது. 1961-இல் ஜீவா தோற்றுவித்த கலை இலக்கியப் பெருமன்றமாயினும், 1975-இல் அமைந்த முற்போக்கு எழுத்தாளர் சங்கமாயினும், தம் சார்பை மறைத்தவை அல்ல. உடன்படுவோர் சென்றனர், உடன்படாதோர் வெளியே நின்று வாதிட்டனர். சார்பு குற்றமன்று, சார்பை ஒளித்துவைத்து நடுநிலை என்று கையொப்பமிடுவதே குற்றம்.

மூன்றாவது காரணம், ஐயம் என்பது ஊடுருவலைவிட விரைந்து பரவும். நமக்குப் பிடிக்காத கவிதையை எழுதுபவர் எல்லாம் ஊடுருவியவர் அல்லர். ஒருவரோடு ஒருவர் தேநீர் அருந்துவதையே சதியாலோசனை எனக் கருதத் தொடங்கினால், வெளியார் எவரும் வந்து நம் வட்டத்தைக் கெடுக்க வேண்டியதில்லை.

பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றை இங்கு எண்ணிப் பாருங்கள். முத்தநாதன் திருநீறு பூசி, சுவடிக் கட்டுக்குள் படைக்கலத்தை மறைத்து வருகிறான். வாயிலில் தத்தன் தடுக்கப் பார்க்கிறான். அருநூல் ஒன்று கொண்டு வந்திருப்பதாகச் சொல்லி உட்புகுந்தவன், அதனைத் தனியிடத்தில்தான் உரைக்க வேண்டும் என்கிறான். அரசி அகல்கிறாள்; பின்னர்க் கொலை நிகழ்கிறது. கத்தியை மறைத்தது சுவடி. செயலை மறைத்தது தனிமை. அதற்காகச் சுவடி ஏந்தி வருவோர் அனைவரையும் தடுப்பது என்று அந்நாடு முடிவு செய்திருக்குமாயின், பின்னர் அந்த அரண்மனைக்குள் நூலே நுழைந்திராது. கொன்றவனைப் பழுதின்றிக் கொண்டுபோய் விடும்படி தத்தனுக்கு ஆணையிட்ட நாயனார், வேடத்தின் மீது உலகுக்கு இருந்த மதிப்பைக் காத்துச் சென்றார். அவ்வளவு பெருந்தன்மை நம்மால் இயலாது. ஆனால் தனியறை வேண்டும் என்பவனிடம், அவையிலேயே கூறுக என்று சொல்ல நம்மால் இயலும்.

ஆகவே திருத்தத்துக்கு மாற்றாக நான்கு நெறிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். பொறுப்புக்குப் போட்டியிடுவோர், பிற அமைப்புகளில் தமக்குள்ள பொறுப்புகளைப் பதிவேட்டில் தாமே எழுதிக் கையொப்பமிடுக. எந்த அமைப்பும் தகுதிக் குறைவாகாது, மறைத்தல் மட்டுமே தகுதிக் குறைவு. புதிய உறுப்பினர் ஓராண்டு நிறைந்த பின்னரே வாக்களிக்கும் உரிமை பெறுக. அந்த ஓராண்டும் நம் கவிதைகளை அவர்களும் அவர்கள் கவிதைகளை நாமும் கேட்போம். தீர்மானங்கள் எவையாயினும் பதினைந்து நாள் முன்னதாக எழுத்து வடிவில் அனைவருக்கும் சென்று சேர்க. இதழுக்கும் பரிசுக்கும் வரும் படைப்புகள் பெயர் நீக்கித் தேர்வாளரிடம் தரப்படுக. நான்காவது நெறி கவிஞர்களுக்கு மிக வேண்டியது. பெயர் இல்லாத கவிதைக்குக் கட்சியும் இல்லை.

இந்நான்கும் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. பத்தாண்டுகளுக்கு முன் வந்தவர்கள் இருபது பேர்; இருபதின்மரும் இறுதிவரை அமர்ந்திருந்தனர். இன்று உறுப்பினர் பட்டியல் பல பக்கங்களுக்கு நீள்கிறது. பொதுக்குழுவுக்குப் போதிய எண்ணிக்கை சேரவில்லை என்று ஒத்திவைக்கும் நிலையும் வந்திருக்கிறது. ஒரே கையெழுத்தில் வந்த படிவங்களைக் கண்டு அஞ்சுவோர், தம் கையெழுத்து வருகைப் பதிவேட்டில் இறுதியாக எப்போது விழுந்தது என்று பார்த்துக்கொள்வது நன்று. அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பொதுக்குழு கூடுகிறது. இத்திருத்தத்தை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் தவறாது வருக. தத்தம் கருத்தைத் தத்தம் பெயரிலேயே அவையில் உரைக்க. வாக்கெடுப்பு முடியும்வரை எழுந்து செல்லாதிருக்க.